முகம் விழாத படம்

…அதைத்தான் நேற்றே அழித்தாயிற்றே, அழித்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்குமா என்ன, பெருக்கிக் கொட்டிய குப்பை திரும்ப வாசலேறி வருமா, என்று நினைத்தபடியே அவள் ஈயக் கவசத்தின் பட்டையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டு, "திரைக்குப் பின்னாடி போய் மாத்திக்குங்க, நான் இந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். பெரியவருக்கு முழங்கால் வலி. திரை இருக்கிறது, அப்புறம் எதற்குத் திரும்பி நிற்க வேண்டும், யாரும் சொல்லித் தந்ததில்லை, இந்த எக்ஸ்ரே அறைக்கு வந்த நாளிலிருந்து அவளாகப் பழகிக்கொண்டது, உடம்பைத் திறந்து காட்ட வந்தவர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி… சுவரில் பெயின்ட் உரிந்த ஓர் இடம் உண்டு, அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நேற்று சாயங்காலம் மகன் சமையலறை வாசலில் வந்து நின்றதும் அந்த மாதிரிதான், அவளைப் பார்க்காமல், நிலைப்படியைச் சுரண்டிக்கொண்டே, "அம்மா, அந்த மெத்தை வீடியோவ எடுத்துடேன்" என்றான். ஏன்டா, எல்லாரும் எவ்வளவு ஆசையா பாக்கறாங்க, என்று கேட்டதற்கு இன்னும் வேகமாகச் சுரண்டினான். சரி என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் கண் முன்னாலேயே அழித்தாள். "போயிடுச்சா?" என்றான். "போயே போச்சு" என்றாள். எவ்வளவு பெருமை அப்போது, கேட்டவுடன் செய்கிற அம்மா, எத்தனை பேருக்குக் கிடைக்கும். அவன் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பெரியவர் போனார். அவருடைய முழங்கால் எலும்பு உள்ளே எப்படித் தேய்ந்திருக்கிறது என்பது அவளுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும், அவள் சாகும்வரை யாரிடமும் சொல்ல மாட்டாள். மாடி வீட்டுக்காரி ஒருமுறை குழைந்து குழைந்து கேட்டாள், எதிர்வீட்டு மனுஷன் கையில் கட்டோடு வந்தானே, நிஜமாகவே வழுக்கி விழுந்தானா, இல்லை வீட்டுக்குள் ஏதாவது… எனக்கு யார் முகமும் ஞாபகம் இருக்காதுங்க என்று சொல்லிவிட்டாள். பூட்டு மாதிரி வாய் என்று இங்கே அவளுக்குப் பெயர். பூட்டு! ஊருக்கெல்லாம் பூட்டு, தன் வீட்டுக்கு மட்டும் கதவே இல்லை, என்று இப்போது ஏன் தோன்றுகிறது, நேற்றுவரை தோன்றாதது. அப்படி என்ன செய்துவிட்டாள், பெற்ற பிள்ளையின் சிரிப்பை நாலு பேருக்குக் காட்டினாள், காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, எந்த அம்மாதான் காட்டவில்லை. ஆரம்பித்ததே நாலு பேருக்காக இல்லை, ஒருவனுக்காக. கணவனுக்குக் கப்பலில் வேலை, பிள்ளை பிறந்தபோது நடுக்கடலில் இருந்தான், வீடியோ அனுப்பினால் பாதியில் நின்று போகும், அதனால் இணையத்தில் ஓர் இடத்தில் ஏற்றிவைத்து, கரையில் இறங்கியதும் பார்த்துக்கொள் என்று இணைப்பை மட்டும் அனுப்பினாள். அவன் கரைக்கு வரும் முன்னாலேயே யார் யாரோ பார்த்துவிட்டார்கள். அச்சோ என்றார்கள், செல்லமே என்றார்கள், கண் படப்போகுது என்றார்கள். அழுகிற குழந்தையும் அவளும் மட்டும் இருந்த வீட்டில் திடீரென்று ஆள் நடமாட்டம். அந்த மாதங்களில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டது அவர்கள்தான். அதை மறக்க முடியுமா? மறக்க முடியவில்லையே, அதுதானே கஷ்டம்.

அடுத்து தோள்பட்டை வலியோடு ஒரு பெண். பலகையை ஒட்டி நிறுத்தி, தாடையைச் சற்றுத் திருப்பி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து, மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க, விடலாம், என்று முடித்ததும் அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு… ஐயோ, நீங்க பட்டாணி அம்மாதானே?" என்றாள். பட்டாணி, குறைமாதத்தில் உள்ளங்கை அளவாகப் பிறந்தவனுக்கு அவள் வைத்த பெயர். "ரெடியா பட்டாணி, ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எல்லா வீடியோவும் அவள் குரலில்தான் தொடங்கும். "இல்லைங்க, வேற யாரோ" என்றாள். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய். அவள் முகம் ஒரு வீடியோவிலும் கிடையாது. வேலை செய்கிற இடத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நமக்கு எதற்கு வம்பு என்று முதலிலிருந்தே கேமராவுக்குப் பின்னாலேயே இருந்துகொண்டாள். நமக்கு எதற்கு வம்பு. நமக்கு என்றால் யாருக்கு, அந்தக் கணக்கில் பிள்ளை ஏன் சேரவில்லை? அந்தப் பெண் போகும்போது, "அந்த மெத்தைகிட்ட ஸாரி கேப்பானே, அத பாத்து நாங்க வீட்டுல விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்று, வேறு யாரோவாகிவிட்ட அவளிடமே சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு வயதில். படுக்கையை நனைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டு, பிஞ்சுக் கையால் ஈரத்தைத் தட்டித் தட்டி, "ஸாரி மெத்தை, தெரியாம வந்துடுச்சு, அம்மாகிட்ட சொல்லாத" என்று அழுதான். கதவிடுக்கில் நின்று பார்த்தவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, அன்பும் தாங்கவில்லை, அதெல்லாம் உண்மைதானே, ஆனால் கை தன்னால் போனைத் தேடியதும் உண்மைதான். எடுத்து வருவதற்குள் அழுகை நின்றுவிட்டது, முகமும் இருட்டில் சரியாக விழாது, ஜன்னலைத் திறந்து வைத்து, "இன்னொரு தடவ சொல்லுடா கண்ணு, மெத்தைகிட்ட என்ன சொன்ன?" அவன் அவளைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான், சொன்னான். அழுதும் காட்டினான். அம்மாவிடம் சொல்லாதே என்று மெத்தையிடம் கெஞ்சிய பிள்ளை… அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று அவன் நினைத்தது, அம்மாவைத் தவிர எத்தனை பேருக்குத் தெரிந்துபோனது, என்று நினைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது, நினைக்காமல் இருக்கலாம், அடுத்த சீட்டை எடுக்கலாம்.

அடுத்த சீட்டில் இடது மணிக்கட்டு, இரண்டு படம் என்று டாக்டர் எழுதியிருந்தார். வயதைப் பார்த்தாள், பெயரைப் பார்க்கும் முன்னால் கதவு திறந்தது, பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர், அவர் பக்கத்தில் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன். "மேடம், பதறாதீங்க, உங்களுக்கு போன் பண்ணோம், எடுக்கல." போன் உள்ளே வராது, அலமாரியில் இருக்கிறது, அது இந்த அறையின் சட்டம். என்னடா ஆச்சு என்று ஓடினாள், ஓடுகிற இரண்டு எட்டுக்குள், சத்தியமாக அவள் கேட்டு வரவில்லை, தலைக்குள் ஒரு வரி தானாக வந்து நின்றது: நம்ம பட்டாணிக்குக் கையில அடி, எல்லாரும் வேண்டிக்கோங்க. சீ, என்ன மனம் இது. பிள்ளை வலியில் நிற்கிறான், இவள் அதற்குத் தலைப்பு எழுதுகிறாள்… எத்தனை வருஷமாக இப்படித்தான் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? ஆசிரியர் அவளைக் கதவோரம் அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "பசங்க ஏதோ பழைய வீடியோவ வச்சு ஓட்டியிருக்காங்க. ஒருத்தன் போன்ல இருக்காம், இவன் அதெல்லாம் போயிடுச்சு, எங்கம்மா அழிச்சுட்டாங்கன்னு சொல்லியிருக்கான். அவன் போட்டுக் காட்டிட்டான். அதப் பிடுங்கப் போயி, படிக்கட்டுல…" ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள், ஊர் வாயில் கொண்டுபோய் வைத்ததே அவள்தானே. எங்கம்மா அழிச்சுட்டாங்க. அவளை நம்பி, அவள் வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் அத்தனை பேர் நடுவில் நின்றிருக்கிறான். அடி வாங்கியது கையில்தானா?

அந்த நேரத்துக்கு அறையில் வேறு ஆள் இல்லை, அவள்தான் எடுக்க வேண்டும். ஆசிரியர் வெளியே உட்கார்ந்தார். அவனை மேசையோரம் உட்காரவைத்தாள், மடியில் சின்னக் கவசத்தைப் போர்த்தினாள், வீங்கிய கையை இரண்டு கையாலும் தாங்கி, பலகைமேல் மெல்லப் படியவைத்தாள். "வலிக்குதா?" இல்லை என்று தலையாட்டினான், உதடு வெளுத்திருந்தது. விளக்கின் வெளிச்சம் சதுரமாக அவன் மணிக்கட்டில் விழுந்தது, நடுவில் குறுக்குக் கோடு, அதைச் சரியாக எலும்பின்மேல் நிறுத்தினாள். இந்தக் கையைக் கடைசியாக எப்போது தொட்டாள்? வீட்டில் இப்போதெல்லாம் தொடவிடுவதில்லை, அவள் போனோடு அறைக்குள் நுழைந்தால் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வான், அதையும் விளையாட்டு என்று எடுத்துப் போட்டாள், பட்டாணிக்கு வெட்கம் வந்துடுச்சு என்று… வேண்டாம், இப்போது வேண்டாம், வேலையைப் பார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள், வாய் பழக்கத்தில் எதையோ தேடி எதையோ எடுத்தது, "ரெடியா பட்டாணி, ஒன்னு, ரெண்டு…" என்று சொல்லிவிட்டுத்தான் தன் காதில் விழுந்தது.

அவன் சிரித்தான். கண்ணாடிக்கு அப்பால், ஒடிந்த கையோடு, கண்ணில் தண்ணீர் நிற்க, தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து, கன்னத்தில் குழி விழ, ஊரே பார்த்துக் கொஞ்சிய அதே பட்டாணிச் சிரிப்பு. வலியெல்லாம் அந்த முகத்தின் பின்னால் எங்கேயோ தள்ளி நின்றது. அவள் விரல் பொத்தானை அழுத்தியே விட்டது. படம் திரையில் வந்தது, சின்னச் சின்ன எலும்புகள், ஒன்றில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. சிரிப்பு அதில் இல்லை, எங்கிருந்து இருக்கும், இந்தப் படத்தில் முகமே விழாது. இது அவனுக்கும் தெரியும், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, எக்ஸ்ரேக்காரி மகன், தெரியாமலா இருக்கும். தெரிந்தும் அந்தக் குரல் கேட்டதும் முகம் தானாகச் சிரிக்கிறது என்றால், வீட்டில் இத்தனை வருஷம் அவள் சிரிப்பு என்று எடுத்தது எது? எது அவன் சிரித்தது, எது அவள் கேட்டதற்குச் சிரித்தது, இனிமேல் பிரித்துப் பார்க்க முடியுமா, எந்தக் கருவியால் முடியும்?

தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "இன்னொன்னு எடுக்கணும்டா" என்றாள். "நல்லா வரலையா?" என்றான் அவன், உடனே, பயந்துபோய், தப்பு தன்னுடையது மாதிரி. "நல்லா வந்திருக்கு. இது பக்கவாட்டுல எடுக்கறது, எல்லாருக்கும் ரெண்டுதான். நீ சிரிக்க வேண்டாம்." சரி என்றான், ஆனால் சிரிப்பு போகவில்லை, எங்கே விடுவது என்று தெரியாமல் அப்படியே உதட்டில் நின்றது. கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையைத் திருப்பிவைத்தாள். அப்போது குனிந்தபடியே கேட்டான், "இத யாருக்குக் காட்டுவ?" என்ன பதில் சொல்வது, போயே போச்சு என்று சொன்ன வாய் இது. அம்மா சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அம்மா சொன்னதற்கு இப்போது என்ன மதிப்பு. உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிற அதே வார்த்தையை, அதே தணிந்த குரலில் சொன்னாள், "டாக்டர் பாப்பாரு. வேற யாருக்கும் காட்ட மாட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கவசம் அணிந்த, முகத்தில் மாஸ்க் போட்ட ஒருத்தி. சிரிப்பு கழன்றது, முதலில் ஒரு ஓரம், பிறகு மற்றது, முகம் கோணிக்கொண்டு அவன் அழத் தொடங்கினான், சத்தமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக, எந்த வீடியோவிலும் இப்படி அழுததில்லை. அள்ளி அணைத்துக்கொள்ளத்தான் கை பரபரத்தது, அணைக்கலாமா, யாரைக் கேட்பது… அவள் திரும்பிக்கொண்டாள். பெயின்ட் உரிந்த அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள், திரைக்குப் பின்னால் சட்டை மாற்றுகிறவர்களுக்காக நிற்பது மாதிரியே, முதுகுக்குப் பின்னால் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா என்று நம்பி அழுகிறானா, இல்லை, யாரோ ஒருத்தி என்று நினைத்ததால்தான் அழ முடிகிறதா? திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், அவள் திரும்பவில்லை.