கிணற்றடிக்குப் போகிற வழி

தேற்றாத்தீவில், மங்கையற்கரசியின் வளவில் ஐந்து தென்னங்குற்றிகள் நின்றன. வெண் ஈ பிடித்துப் பட்டுப்போன மரங்களைத் தறித்தவன், குனியப் பஞ்சிப்பட்டு, இடுப்பளவுக்கு விட்டுவிட்டுப் போய்விட்டான். குசினி வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் ஒரே வரிசை. போன கிழமை அவளுடைய புருசன் யோகராசா அதில் ஒன்றின் வேரில் பெருவிரலை அடித்துக்கொண்டு வந்தார். சீனி வருத்தக்காரர். இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

"இந்தக் குத்தியளக் கிளப்புறவரைக்கும் எனக்கு நித்திர வராது," என்றாள்.

"கிளப்பன்," என்றார். அவ்வளவுதான். எதற்கும் இவ்வளவு லேசில் சம்மதிக்காத மனிசன் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

காத்தான்குடியிலிருந்து, குற்றி கிளப்புகிற சாலிஹ் வந்தான். நடுவில் நின்ற பெரிய குற்றியைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, வேரறுத்து, நெல் ஆலையிலிருந்து கொண்டுவந்த உமியைக் கொட்டி நெருப்பு வைத்தான்.

"மேல சாம்பலாத்தான் தெரியும் அக்கா, உள்ளுக்கு நெருப்பு. ஒருத்தரையும் கிட்ட விட்டிராதீங்க," என்று சுற்றிவர ஓலையைப் போட்டுவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் விடியக் குற்றி இருந்த இடத்தில் சாம்பல்தான் கிடந்தது. புகையென்று இரண்டு நாள் குளிக்காமல் இருந்த யோகராசா தோளில் துவாயும் கையில் சவுக்காரமுமாகக் குளிக்க இறங்கினார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த மங்கையற்கரசி சும்மாதான் பார்த்தாள். போகிற போக்கில் முதல் குற்றியில் கையால் ஒரு தட்டு. இரண்டாவதில் ஒரு தட்டு. பிறகு கை இறங்கியது; ஒன்றும் அகப்படவில்லை. இந்தப் பக்கம் துழாவினார், அந்தப் பக்கம் துழாவினார். கால் ஓலையில் பட்டது. விழுந்து கிடக்கிற ஓலையென்று நினைத்தாராக்கும், அதைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

அவள் தேங்காய்ப் பாதியைப் போட்டுவிட்டு எழும்பினாள். கண்ணுக்கு மருந்து விட்டபிறகு நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுது என்று சொல்லித் திரிந்த மனிசனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இவ்வளவு நாளும் குற்றிகளைத் தொட்டுத்தான் போய்வந்திருக்கிறார். கிளப்ப வேண்டாமென்றால் ஏனென்று கேட்பாளென்றுதான் அன்றைக்கு லேசில் சம்மதித்தாராக்கும்.

"நில்லுங்க!"

தூக்கிய கால் பின்னுக்கு வந்தது. "என்ன கா, ஊரக் கூட்டுறாய்?"

பெண்சாதி கைபிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகிற காலம் வந்தால் குளிப்பதையே விட்டுவிடுவேன் என்று ஒருமுறை சொன்னவர். சொன்னால் செய்வார். நெருப்பு என்ற சொல் அவள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"சவுக்காரத்த மாறி எடுத்திட்டீங்க. அது உடுப்புக் கழுவுறது."

அவர் மணந்து பார்த்தார். "இது குளிக்கிறதுதானே?"

"அப்ப எனக்குத்தான் கண் பூஞ்சிட்டு." அதற்குள் ஓடிப்போய் அவருக்கும் கிடங்குக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "வாங்க, கிணத்தடி முழுக்கப் புகை. சுடுதண்ணி வெச்சுத் தாறன், உள்ளுக்கே குளிங்க."

வாசல் வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. மீன்காரன் வராதது, பக்கத்து வளவு ஆடு வேலி பாய்ந்தது என்று என்னென்னவோ கதைத்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார்.

மற்றக் குற்றிகளும் எரிந்து, கிடங்குகளுக்கு மண் போட்டு மட்டப்படுத்திய அன்று, சாலிஹிடம் நைலோன் கயிற்றை நீட்டினாள்.

"குசினிச் சுவரிலயிருந்து கிணத்துத் தூண் மட்டும் ஒரு கொடி கட்டு தம்பி. உடுப்புக் காயப்போட."

"எவ்வளவு உசரம் அக்கா?"

அவள் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள்.

"இந்த உசரத்தில சாரம் போட்டா பாதி மண்ணுலதான் கிடக்கும்!"

"தோள்மூட்டு நோவுடா. கைய உசத்த ஏலா."

சாலிஹ் சிரிக்கப் போனவன், வாசலில் குந்தியிருந்த யோகராசாவைப் பார்த்தான். அவள் காட்டிய உசரத்திலேயே இறுக்கிக் கட்டி, தன் பாரம் முழுக்கப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்தநாள் யோகராசா வாசலில் கொஞ்சநேரம் நின்றார். கை சுவரோடு போய்க் கயிற்றில் விழுந்தது. கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் மங்கையற்கரசி தேங்காய் துருவக் குந்தினாள்.

திரும்பி வந்து ஈரத் துவாயைக் கொடியில் விரித்தார்.

"எப்ப இருந்து புள்ள உனக்குத் தோள் நோவு?"

"முந்தாநேத்து இருந்து."

அவர் துவாயின் சுருக்கத்தைத் தடவித் தடவி எடுத்தார். "எனக்குக் கண்... சித்திரையில இருந்து."

"சித்திரையா? அப்ப வைகாசிச் சடங்குக்கு நான் கட்டின சீலை நல்ல நிறமெண்டு சென்னீங்களே?"

"ஓம். நல்லாத்தானே இரிந்திருக்கும்?"

"பச்சக் கள்ளன்," என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்தாள். வழமைபோல வாசற்படியில் வைக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்து, அதற்குள் வைத்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.