இரண்டு காரும் ஒரு சுவரும்

கிண்ணியாவில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். றுமானாவுக்குப் பேசியிருந்த இஹ்ஸான் துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சினியர். ஒரு பெட்டியும் ஒரு காரும் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். பெட்டியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கார் இன்னும் வாங்கவில்லை. இரண்டு இருக்கைதான். கூரைத் துணியைப் பின்னால் மடித்துவிடலாம். ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். அதே மாடலில் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் திருகோணமலையில் ஒரே வியாபாரியிடம் நின்றன. பழையது தொண்ணூற்றிரண்டில் செய்தது. முன்விளக்குகள் தவளைக் கண்போல எழும்பும். புதியதற்கு ஏழு வயது. அறுபது குதிரைவலு அதிகம்.

"புதுசையே எடுங்க மகன்," என்றார் றுமானாவின் வாப்பா தாஹிர். "பழசை எடுத்தா, தாஹிர்ட மருமகன் கண் முழிக்கிற காரில வாறான் எண்டு ஊர் சிரிக்கும்."

மதிலுக்கும் றுமானாவின் ரியூசன் அறைச் சுவருக்கும் நடுவால்தான் கார் வீட்டு வளவுக்குள் போக வேண்டும். வாப்பா அங்கே நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். கார் போக இடம் காணாது என்றார். அறையை இடிப்பதென்று முடிவானது. போன மாதம்தான் பதினொரு பிள்ளைகளைச் சேர்த்து அவள் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தாள். வீட்டு உறுதிப்பத்திரம் அவள் பெயரில் இருந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அவளும் பேசுகிற ஆள் இல்லை. இஹ்ஸானிடம் இதுவரை இரண்டு சொல் சொல்லியிருந்தாள். இரண்டும் "ஓம்".

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மேசன் நஸ்ரி சுவர் இடிக்கும் அலவாங்கோடு வந்தார். இஹ்ஸானும் வந்தார். றுமானா அளவு நாடாவோடும் ஒரு தாளோடும் வெளியே வந்தாள். புதன்கிழமை துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு கார்களையும் அளந்து வந்திருந்தாள்.

"இடிக்கத் தேவையில்லை வாப்பா," என்று நாடாவைப் பார்த்துச் சொன்னாள். "இடைவெளி ஒரு மீற்றர் எழுபத்து மூண்டு. பக்கக் கண்ணாடியை மடக்கினா புதுசு எழுபத்தாறு. பழசு எழுபது. பழசு போகும்."

"ஒரு பக்கத்துக்கு ஒண்டரை சென்றிமீற்றர்," என்றார் நஸ்ரி. "மாப்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடிச்சா போகலாம்."

இஹ்ஸான் தொண்டையைச் செருமினார். "நான் பழசுக்குள்ள ஏறிப் பாத்தனான். தலை கூரையில முட்டுது. புதுசுக்குள்ள நிமிர்ந்து இருக்கலாம்."

றுமானா தாளைப் பார்த்தாள். காரின் நீளம், அகலம், உயரம் எல்லாம் இருந்தன. மாப்பிள்ளையின் உயரம் இல்லை. நிக்காஹ்வுக்கு முன் அதை அளக்க வழியும் இல்லை.

"அப்ப இடிக்கவா?" என்று நஸ்ரி அலவாங்கைத் தூக்கினார்.

"இந்த அறை எனக்கு வேணும்," என்றாள் றுமானா. இந்த முறை நாடாவைப் பார்க்கவில்லை.

"மகள்! மாப்பிள்ளைக்கு முன்னால..."

"கூரையைத் திறந்துவிட்டா முட்டாது, மாமா," என்றார் இஹ்ஸான்.

"மாரியில?" அவளால் கேட்காமல் இருக்க ஏலவில்லை. "ஒக்டோபரிலருந்து ஜனவரி வரைக்கும் மழை."

இஹ்ஸான் யோசித்தார். பழுதான எஞ்சினுக்கு யோசிப்பதுபோல, அவசரப்படாமல் யோசித்தார்.

"நாலு மாசம் பஸ்ஸில போறன்."

"ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில வச்சிட்டா?" என்றார் வாப்பா.

"ஓம் மாமா. அறை இருக்கட்டும்."

வாப்பா சுவரையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் அசைகிறதாகத் தெரியவில்லை. நஸ்ரி அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வாப்பா படலையடியில் அவரை மறித்தார்.

"ஊரில கேட்டா, டொக்டர்தான் பஸ்ஸில போகச் சொன்னவர் எண்டு சொல்லு."

"என்ன வருத்தம், என்ன நோய் எண்டு சொல்ல?"

வாப்பா திரும்பி இஹ்ஸானை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உயரம்," என்றார்.