பழம்பாண் விருந்து

போர்த்துக்கலின் அலெந்தேஜுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சில வருடம் சமைத்துவிட்டு வந்த ஜெயந்தினி, இலங்கை மலையகத்தில் தன் ஊரான லிந்துலையில் அதே சமையலோடு கடை போட்டாள். ஊர் சிரித்தது. வந்தவர்களெல்லாம் கொத்துரொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். "இந்த மாசம் பாப்போம். இல்லன்னா நாமளும் கொத்துதான் போடணும்," என்றான் புருஷன் விஜிதரன்.

மாதம் முடியப் போகும் நேரத்தில் ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தது. அசல் அலெந்தேஜுக்காரர்கள். கிராசா என்ற அந்த அம்மாள் அசோர்டா கேட்டாள். பூண்டையும் கொத்தமல்லித் தழையையும் உப்போடு இடித்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, முட்டை வெந்த கொதிநீரை ஊற்றி, பழைய பாண் ரொட்டியைப் பிய்த்துப் போட்டால் அசோர்டா. அங்கே அது ஏழைவீட்டுச் சாப்பாடு.

ஜெயந்தினி பாண் கூடையைத் திறந்தாள். உள்ளே புதுப் பாண் ஆவி பறந்தது.

"ஏங்க, நேத்துப் பாண் எங்க?"

"கோழிக்குப் போட்டுட்டேன்," என்றான் விஜிதரன் பெருமையாக. "வெளிநாட்டுலருந்து வந்தவங்களுக்குப் பழம்பாணா குடுக்கிறது? மானம் போயிராது? அவங்க உக்காந்த உடனே பேக்கரிக்கு ஓடி, சுடச்சுட வாங்கியாந்தேன்."

நல்ல மனுஷன்தான். விருந்தாளிக்குப் பழசு வைக்கக் கூடாதென்று வளர்ந்தவன். ஆனால் புதுப் பாண் கொதிநீரில் விழுந்தால் களியாகிவிடும். அலெந்தேஜுக்காரிக்குக் களியை வைப்பதைவிடக் கடையைச் சாத்திவிடலாம்.

அவள் பின்கதவால் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஓடினாள்.

"மீனம்மாக்கா, பழைய பாண் இருந்தா குடுங்க!"

"கடைக்கு வந்தவங்களுக்கா? வேணாம்டி, பிஸ்கட்டு தாரேன். பழம்பாண் குடுத்தேன்னு எனக்குக் கெட்ட பேரு வந்துரும்."

"பேரு எனக்குத்தான் வரும். குடுங்கக்கா!"

கெஞ்சலும் அதட்டலுமாக அரை றாத்தல் பாணைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பிய்த்துப் போட்டு, முட்டையை மேலே வைத்துப் பரிமாறினாள். கிராசா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். இன்னொரு கரண்டி. ஜெயந்தினி அவள் முகத்தையே பார்த்தாள். கிண்ணத்தை வழித்து முடித்துவிட்டு அந்த அம்மாள் இன்னொரு கிண்ணம் கேட்டாள். அவள் புருஷனும் கேட்டார்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த விஜிதரனின் வாய் பிளந்தது. "கொத்து வேணாம் புள்ள," என்றான் மெதுவாக.

கிராசா ஜெயந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது எங்க ஊர்ப் பக்கத்துக் கைப்பக்குவம்," என்றாள் தன் பாஷையில். "எந்த ஊர்க்காரி நீ?"

ஜெயந்தினி நிமிர்ந்து நின்றாள். சிரித்த ஊருக்கெல்லாம் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்.

"லிந்துலை!"