வலப்பக்கம் சாய்ந்த எழுத்து

“எழுத்து சாயுதுங்க.”

“சாய்வெழுத்துன்னா சாயத்தானே செய்யும் சார்?”

“அது இல்லைங்க. நானும் சாயுறேன்.”

அச்சகத்துக்கு அந்த எழுத்துரு வந்த முதல் நாள், பிழை திருத்துபவருக்கும் வடிவமைப்பவளுக்கும் நடந்த பேச்சு இது. ஏழு வருடம் ஆகிறது. அன்று மாலைக்குள் அவர் நன்றாகவே வலப்பக்கம் சாய்ந்திருந்தார். அவள் அளந்து பார்த்தாள். எழுத்தின் சாய்வும் அவருடைய சாய்வும் ஒரு டிகிரி கூடப் பிசகவில்லை.

அழகான எழுத்துதான். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும். ஒவ்வொன்றின் அடியிலும் சின்னதாய் ஒரு பாதம். அதைப் படித்தவர்கள் அரை மணி நேரம் சாய்ந்திருப்பார்கள் என்பது ஊருக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்கு அதை விட்டால் வேறில்லை என்றாயிற்று. மண்டபத்தில் முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகளின் தோள்கூட உரசியது. சென்ட் பாட்டில், கவிதைப் புத்தக அட்டை எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது. ஏணிக் கடைக்காரர் மட்டும் நிமிர்ந்த எழுத்தே போதும் என்றார். ஒரு வக்கீல் தெரியாத்தனமாக விவாகரத்து நோட்டீஸை அதில் அடித்துவிட, கணவனும் மனைவியும் அருகருகே நின்று படித்துவிட்டு ஒரே குடையில் வீட்டுக்குப் போனார்கள்.

மற்றவர்களுக்கு அரை மணி நேரம். நாள் முழுக்கப் படிக்கிறவருக்கு ஏது நிமிர்வு? அவருக்கு வலப்பக்கம் இரும்பு பீரோ, இடப்பக்கம் அவள். ஏழு வருடமும் அவர் பீரோவின் மேல்தான் சாய்ந்திருந்தார். தலை பட்ட இடத்தில் பெயின்ட் போய்விட்டது.

“பீரோ குடுத்து வச்சது அக்கா,” என்பாள் பைண்டிங் பெண்.

“வாயை மூடிட்டு மடிடி.”

நாற்காலியை இந்தப் பக்கம் போடுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவள் வாயைத் திறந்தால் “தண்ணி வேணுமா சார்?” என்றே வந்தது. அவரும் ஒருநாள்கூட மறுக்காமல், தினமும் பதினோரு டம்ளர் குடித்தார்.

அப்போதுதான் தீயணைப்பு நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. அழைப்பிதழைப் படித்துவிட்டு அணிவகுத்த வீரர்கள் சீட்டுக்கட்டு மாதிரி ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். முதலாளி கொதித்துப்போனார். “திங்கக்கிழமையிலிருந்து அந்த எழுத்து இங்க இருக்கக் கூடாது!”

அவளுக்குப் பகீர் என்றது. நிமிர்ந்துவிட்ட மனிதரிடம் எந்தச் சாக்கைச் சொல்லி நாற்காலியை மாற்றச் சொல்வது?

சனிக்கிழமை மதியம் கடைசிப் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. அவள் எழுந்து நின்றாள். பைண்டிங் பெண் மடிப்பதை நிறுத்தினாள்.

“தண்ணியா? குடுங்க,” என்றார் அவர், பீரோவில் சாய்ந்தபடியே.

“தண்ணி இல்ல சார். நாற்காலியைத் தூக்கிட்டு எனக்கு இடது பக்கம் வாங்க. இனிமே சாயுறதுன்னா என் மேல சாயுங்க. திங்கக்கிழமை எழுத்து நிமிர்ந்துட்டாலும் நீங்க நிமிர வேணாம். ஆபீஸ்ல மட்டும் சொல்லல. வீட்டுலயும்தான்.”