பதினாறாவது எழுத்து

செம்பூரில் பரீஹா வேலை பார்த்த கம்பெனி, தொழிற்சாலைகளுக்கு வருகைப் பதிவு மெஷின் செய்தது. அவளை அங்கே சேர்த்துவிட்டது தாராவி விஜயராணி. நான்கு வருடமாக இருவரும் அடுத்தடுத்த மேசை.

மெஷினை உள்ளிருந்து இயக்கும் கெர்னலுக்காகத் தான் எழுதிய புரோகிராமை ஒருநாள் விஜயராணி காட்டினாள். அட்டையிலிருந்து தொழிலாளியின் பெயரை எடுத்து, பதினாறு ஆங்கில எழுத்து கொள்ளும் இடத்தில் வைக்கிற வரி அது.

"ராணியக்கா, பேரு பதினஞ்சைத் தாண்டினா, அதைக் காப்பி பண்ற இந்த ஃபங்ஷன், முடிஞ்சுதுன்னு காட்டுற ஜீரோவைக் கடைசியில போடாது. எங்க முடியுதுன்னு தெரியாம பக்கத்து மெமரியையும் சேத்துப் படிச்சிரும். புது ஃபங்ஷனைப் போடுங்க. அது பேரை வெட்டினாலும் ஜீரோவுக்கு இடம் விடும். வெட்டினதையும் சொல்லிரும்."

"சரிட்டி, மாத்திருதேன்."

மூன்றாவது வாரம், அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் முகமது ஜெயினுலாப்தீன் என்பவர் அட்டையை வைத்தார். திரையில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஆறு இலக்கங்கள் வந்தன. பக்கத்து இடத்தில் இருந்த சூப்பர்வைசரின் ரகசிய எண். மதியத்துக்குள் யாரோ அதைப் போட்டு எல்லாருடைய வருகையையும் மாற்றிவிட்டார்கள்.

மீட்டிங்கில் மேனேஜர் சங்கரன் அந்தப் புரோகிராமின் பழைய பதிவைத் திறந்தார். அந்த வரி மாறவே இல்லை. கீழே, 'ரிவ்யூ செய்தவர்: பரீஹா' என்றிருந்தது.

"நீதானே பாத்து ஓகே பண்ணியிருக்கே?"

"நான் தப்புன்னு சொன்னேன் சார்."

"மெயில் இருக்கா?"

இல்லை. வாயால் சொன்னதுதான். சங்கரன் விஜயராணி பக்கம் திரும்பினார்.

"அவ பாத்தா சார்," என்றாள் விஜயராணி. அது பொய்யும் இல்லை.

மாடிப்படியில் பரீஹா அவளை நிறுத்தினாள். "எம் பேரை ஏன்க்கா போட்டிய?"

"அன்னைக்கே அனுப்பணும்னு ஆபீஸ்ல ஒத்தக்கால்ல நின்னாங்க. ஒம் பேரு இருந்தா சார் தொறந்தே பாக்கமாட்டாரு. பொறவு மாத்திக்கிடலாம்னு நெனச்சேன், மறந்துட்டு."

"இதை உள்ள சொல்லியிருக்கலாம்லா?"

"எனக்கு இப்பதான் புரோமோஷன் பேச்சு ஓடுது. நீ சின்னவ, ஒனக்கு ஒண்ணும் ஆவாது."

தன் பெயர் இருந்தால் யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது பரீஹா நான்கு வருடமாகச் சம்பாதித்தது. அதைத்தான் இவள் எடுத்துச் செலவழித்திருக்கிறாள்.

அன்று மாலைக்குள் பரீஹாவே அந்த வரியைத் திருத்தினாள். பதினைந்து, பதினாறு, இருபது எழுத்துப் பெயர்களை வைத்துச் சோதித்தாள். திருத்தக் குறிப்பில், இந்தத் தவறை எந்தத் தேதியில் யாரிடம் சொன்னாள் என்பதையும் எழுதினாள்.

"டெக்னிகல் மட்டும் போதும். அந்தப் பாராவை எடுத்துடு," என்றார் சங்கரன்.

"எடுக்கமாட்டேன் சார். வேணும்னா நீங்களே வேற எழுதிக்கோங்க."

தொழிற்சாலையிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. வேறு எழுத நேரமில்லாமல் குறிப்பு அப்படியே பதிவில் ஏறியது.

எச்சரிக்கைக் கடிதம் என்னவோ அவளுக்குத்தான் வந்தது. விஜயராணியின் புரோமோஷனும் நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் பரீஹா பாண்டுப்பில் வேறு கம்பெனிக்குப் போனாள். முதல் நாளே விஜயராணியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: 'ஏட்டி, நல்லா இரு.' பரீஹா அதை இரண்டு முறை படித்தாள். பதில் எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.