அமுங்கிப்போன இரண்டு கம்பிகள்

வெண்டல் ஆர்கனிலிருந்து இரண்டு கையையும் தூக்கினான். வியாழக்கிழமை ஒத்திகையில் பாடகர் குழு பாதி வரியில் நின்றது.

"ரோ, கொஞ்ச வாரமாவே சொல்றேன், நீ மேல போறப்ப சத்தமே காணாமப்போயிடுது. கீழ இடி இடிக்குது. மேல போனா ஆளே வீட்டுக்குப் போயிட்ட மாதிரி இருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். லரோண்டா டில்லார்ட் பேஸ் கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபடி தம்பி வெண்டலைப் பார்த்தாள். டெட்ராய்ட் நகரின் கிழக்குப் பக்கத்து கிலியட் பாப்டிஸ்ட் சபையில், அவன் இசைத் தலைவன் ஆவதற்கு முன்பிருந்தே அவள் பேஸ் வாசிக்கிறாள். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுக்கப் பாஸ்டரிடம் பேசியவளும் அவள்தான்.

"நான் எப்பவும் வாசிக்கிற மாதிரிதான் வாசிக்கிறேன்."

"எப்பவும் வாசிக்கிற கை இல்லையே இது" என்றான் வெண்டல். குரலில் பெரிய இரக்கம். "அறுத்துத் தைச்ச கை. யாரும் உன்னைக் குத்தம் சொல்லல. கொஞ்ச நாள் ஓய்வெடு. சார்லினோட தம்பி அஞ்சு கம்பி பேஸ் வெச்சுக்கிட்டு சும்மாதான் இருக்கான்."

சார்லின் அவன் மனைவி. வாயைத் திறந்தால் சபையில் சொல்லக் கூடாத வார்த்தை வந்துவிடும் என்று லரோண்டா பயந்தாள். மீதி ஒத்திகை முழுவதும் நான்கு கம்பிகளில் மெல்லியவை இரண்டையும் பிய்த்து எடுப்பதுபோல் சுண்டினாள். அவை முனகின. தடித்த கம்பிகளில் விரல் பட்டாலே ஜன்னல் அதிர்ந்தது. கடைசிப் பாட்டு முடிந்தபோது அவள் மணிக்கட்டு தீயாய் எரிந்தது.

கார் நிறுத்துமிடத்தில், அழுக்குப் பனியில் கால் வைத்து வைத்து நடந்து வந்தார் சிஸ்டர் ஐமோஜின். பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரல் வரிசைக்கு மூத்தவர். லரோண்டாவின் வலது கையை எடுத்து இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"கர்த்தர் இந்தக் கையைத் தொடுவாரும்மா. நான் உனக்காக உபவாசம் இருக்கேன்."

"நன்றி சிஸ்டர்" என்றாள் லரோண்டா, பல்லைக் கடித்துக்கொண்டு. வழக்கமாகச் சபை அலமாரியிலேயே இருக்கும் பேஸை அன்று காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

கார் தொழிற்சாலையில் மின்கம்பிக் கட்டுகளைப் பின்னும் வரிசை அவளுடையது. அந்த வேலை கொடுத்த பரிசுதான் மணிக்கட்டு நோவு. நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போய், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அறுவை சிகிச்சை செய்தார்கள். கை குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். மின்கம்பி பின்னும் மேஜையிலும் பழைய வேகம் திரும்பியிருந்தது. சபையில் மட்டும்தான் கை சரியில்லையாம்.

சனிக்கிழமை காலை காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமையலறை மேஜையில் துண்டை விரித்து பேஸைக் கிடத்தினாள். முதலில் கம்பிகளை மாற்றினாள். பழைய கம்பி உயிர் விட்டிருக்கலாம். புதுக் கம்பியை முறுக்கி, சுருதி சேர்த்து, வீட்டிலிருந்த ஆம்ப் என்னும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகி வாசித்தாள். தடித்தவை இரண்டும் முழங்கின. மெல்லியவை இரண்டும் போர்வைக்குள்ளிருந்து பேசின. வேறு ஒயர் போட்டாள். அதே கதை. சபையிலிருப்பது பெரிய ஆம்ப், இது சின்னது. இரண்டிலும் ஒரே குறை என்றால் ஆம்பையும் குற்றம் சொல்ல முடியாது.

மிச்சம் இருந்தது பேஸும் கையும்.

உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தாள். இடது கையால் சுண்டிப் பார்த்தாள். அதிலும் மெல்லிய கம்பிகள் அமுங்கித்தான் வந்தன. ஆனால் இடது கைக்குச் சுண்டிப் பழக்கமில்லை. அது எதையும் நிரூபிக்காது. வெண்டல் சொன்னது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு மறுபடியும் தோன்றியது. காபி ஆறிப்போய்விட்டது. அதைத் தொட்டியில் கொட்டினாள்.

திரும்பி வந்து ஒயரைப் பிடுங்கினாள். ஆம்ப் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பேஸை மடியில் வைத்து, அதன் உடலில் கொம்புபோல் நீளும் மேல்முனையில் தாடையை அழுத்தி, காதை மரத்தோடு ஒட்டிக்கொண்டு, தடித்த கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுண்டினாள்.

நான்கும் ஒரே பலத்தில் கேட்டன.

நம்பாமல் இன்னொரு முறை சுண்டினாள். மேலே ஏறும் அந்த வரியையே வாசித்தாள், வெண்டல் நிறுத்தியது எந்த இடத்திலோ அதே இடம் வரை. மரத்துக்குள் ஒரு சுரம்கூட அமுங்கவில்லை. விரல் தன் வேலையைச் செய்கிறது, கம்பி தன் வேலையைச் செய்கிறது. மின்சாரம் கலக்கிற இடத்தில்தான் சத்தம் காணாமல் போகிறது.

ஆறுதல்தான் முதலில் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது, அதுவும் தன் மேலேயே. ராத்திரி ராத்திரியாக ரப்பர் பந்தைப் பிசைந்தது, தொழிற்சாலை இடைவேளையில் கழிப்பறைக்குள் போய் விரல்களை விரித்து விரித்துப் பார்த்தது, அத்தனையும் வீண். பதினைந்து வயதிலிருந்து பேஸ் வாசிக்கும் கையை, ஒருத்தன் நாக்கை அசைத்ததும் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

திருப்புளியை எடுத்தாள்.

கம்பிகளின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் காந்தச் சுருளைப் பிக்கப் என்பார்கள். அவளுடைய பேஸில் அது இரண்டு பாதி: தடித்த கம்பிகளுக்கு அடியில் ஒன்று, மெல்லிய கம்பிகளுக்கு அடியில் ஒன்று. கம்பிக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சத்தம். மெல்லிய பக்கத்துத் திருகுகளைத் திருப்பி அந்தப் பாதியை மேலே ஏற்றினாள். சத்தம் கொஞ்சம் ஏறியது. ஆனால் தகரத்தைத் தட்டினாற்போல் இருந்தது. கம்பியில் இடிக்கும் அளவுக்கு ஏற்றியும் தடித்த பக்கத்துக்கு ஈடு கொடுக்கவில்லை.

கம்பிகளைத் தளர்த்தி, முன்தகட்டைக் கழற்றி, இரண்டு பாதிகளையும் வெளியே எடுத்தாள். ஒன்றிலிருந்து துணி சுற்றிய பழைய ஒயர் வந்தது. மெல்லிய கம்பிகளுக்கு அடியிலிருந்த மற்றதிலிருந்து பளபளவென்று பிளாஸ்டிக் ஒயர். பற்றவைத்த இடமும் புதுசு, குமிழ் குமிழாக, அவசர வேலை. தொழிற்சாலையில் இப்படிப் பற்றவைத்தால் அவள் அந்த மின்கம்பிக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவாள். மின்தடை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். பழைய பாதி காட்டியதில் சரிபாதிகூடப் புதியது காட்டவில்லை. மூடியை நெம்பினாள். பழையதில் கம்பிக்குக் கம்பி உருளைக் காந்தங்கள். இதில் வெறும் இரும்பு ஆணிகள், அடியில் ஒரு தட்டைக் காந்தம், மேலே மட்டும் பழைய மூடி.

அந்த பேஸை அவள் திறந்ததே இல்லை. வேறு யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்து, மலிவுச் சரக்கை உள்ளே வைத்து, பழைய மூடியால் மூடியிருக்கிறார்கள்.

டிரம்ஸ் வாசிக்கும் டெரலுக்குப் போன் போட்டாள்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப என் பேஸை யாரு தொட்டா?"

"உனக்கும் காலை வணக்கம், சிஸ்டர் டில்லார்ட்."

"டெரல்."

அவன் விளையாட்டை நிறுத்தினான். "இளைஞர் ஆராதனைக்கு எடுத்தாங்களே. வேற சபையிலேர்ந்து ஒரு குழு வந்தது, அவங்ககிட்ட பேஸ் இல்ல. வெண்டல்தான் அலமாரியைத் திறந்து குடுத்தான். நீ சரின்னு சொன்னதாச் சொன்னான்."

"நான் மயக்க மருந்துல கிடந்தேன்."

"அப்ப பழரசம் கொட்டினதும் உனக்குத் தெரியாதா?"

"சொல்லு."

"ஒருத்தன் முழு ஜாடியையும் அது மேல கவுத்துட்டான். சத்தம் அப்படியே நின்னுபோச்சு. துடைச்சு எடுத்துட்டுப் போனான் வெண்டல். அடுத்த வாரம் திரும்ப வந்துச்சு, சரியாயிடுச்சுன்னான். ரோ, சத்தியமா நான் உனக்குத் தெரியும்னே நெனச்சேன்."

அவள் போனை வைத்தாள். பிக்கப்பின் இரண்டு பாதிகளையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சனிக்கிழமை வெண்டலின் முடிதிருத்தும் கடையில் உட்கார இடமிருக்காது. சுவரோரம் வரிசையாக ஆட்கள், தொலைக்காட்சியில் கூடைப்பந்து. வெண்டல் ஒரு பெரியவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். லரோண்டா உள்ளே வந்து, அவனுடைய சீப்புகளுக்கு நடுவே இரண்டு பாதிகளையும் வைத்தாள்.

வெண்டல் அவற்றைப் பார்த்தான். என்னவென்று கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"வெளிய போய்ப் பேசலாம், ரோ."

"ஏன்? என்னை நீ வெளிய கூட்டிட்டுப் போயா சொன்னே? பாடகர் குழு மொத்தமும் நிக்கிறப்ப சொன்னே."

"கடையில ஆளுங்க இருக்காங்க."

"அங்கேயும் ஆளுங்க இருந்தாங்க."

தொலைக்காட்சியின் ஒலியை யாரோ குறைத்தார்கள். முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "வெண்டல், கத்தியைக் கீழ வெச்சுட்டுப் பேசுப்பா."

வெண்டல் கத்தியை வைத்தான். "ஒரு விபத்து நடந்துபோச்சு. நீ கையில கட்டோட படுத்திருந்தே. எதுக்கு உன்னைக் கஷ்டப்படுத்தணும்னு நானே சரிபண்ணக் குடுத்தேன். பண்ணினவன் அசல் மாதிரியே இருக்கும்னான். சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"நீ திரும்பி வந்தப்ப. அப்புறம் நீ வாசிச்சே, மேல சத்தம் வரல. கையா, பிக்கப்பான்னு எனக்கு நிச்சயமாத் தெரியல."

"நிச்சயமாத் தெரியல" என்றாள் லரோண்டா. "ஆனா எதைச் சொல்றதுன்னு மட்டும் நிச்சயமாத் தெரிஞ்சுது. ஆர்கன்ல ஒரு சுரம் மயிரிழை விலகினாக் கண்டுபிடிக்கிற காது உனக்கு. ரெண்டு கம்பி ஒண்ணாச் செத்துப்போனா அது விரல் இல்லன்னு உனக்குத் தெரியாது?"

அவன் தரையைப் பார்த்தான். தரையில் முடிதான் கிடந்தது.

"நான் ராத்திரியில உக்காந்து பந்தைப் பிசைஞ்சேன், வெண்டல். இனிமே வாசிக்கவே முடியாதோன்னு நெனச்சேன். நீ அதைப் பாத்துக்கிட்டு, மச்சானுக்கு இடம் தேடிக்கிட்டிருந்தே."

"அது அப்படி இல்ல."

"எப்படியோ இருக்கட்டும். நாளைக்கு ஆராதனைக்கு முன்னாடி, அங்கி மாத்துற அறையில, எல்லாரும் இருக்கிறப்ப நீயே சொல்றே. நீ சொல்லலைன்னா நான் சொல்வேன். நான் சொன்னா நல்லா இருக்காது."

பாதிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இசைக்கருவிக் கடையில், இரண்டு பாதியும் ஒத்த புதுப் பிக்கப் ஒன்று வரவழைக்கச் சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். அது வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருக்காது. எல்லாவற்றையும் பழையபடி பற்றவைத்து, இந்த முறை பலமான பாதியைக் கீழே இறக்கினாள். கொஞ்சம் இறக்கி வாசிப்பாள், மறுபடி இறக்குவாள். பலவீனமானதைக் கம்பி உரசாத எல்லைவரை ஏற்றினாள். மொத்தச் சத்தமும் குறைந்தது. ஆனால் நான்கும் ஒரே உயரத்துக்கு வந்தன. குறைந்ததை ஆம்பில் ஏற்றிக்கொண்டால் போதும். மெல்லிய பக்கத்துத் தகரத்தன்மை முழுவதும் போகவில்லை. அதற்கு இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஞாயிறு காலை எல்லோரும் அங்கி மாட்டிக்கொண்டிருக்கும்போது வெண்டல் தொண்டையைச் செருமினான். "வியாழக்கிழமை ஒரு சின்ன விஷயம் தப்பாப் புரிஞ்சுபோச்சு. சிஸ்டர் லரோண்டாவோட பேஸ்ல ஏதோ கோளாறு இருந்திருக்கு…"

"திரும்பச் சொல்லு" என்றாள் லரோண்டா.

வெண்டலின் காதுமடல் கறுத்துச் சிவந்தது. கேட்காமல் எடுத்துக் கொடுத்தது, நனைந்தது, மாற்றியது, மறைத்தது, கடைசியில் அவள் கையின் மேல் பழியைப் போட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். முடிக்கும்போது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

முதலில் வாய் திறந்தவர் சிஸ்டர் ஐமோஜின். "வியாழக்கிழமையிலேர்ந்து நான் வாயில இனிப்பு வைக்கல" என்றார் வெண்டலிடம். "நேத்து என் பேத்தி கல்யாண விருந்து. பீச் பழ இனிப்பு எதிர்ல இருந்துச்சு, தொடல. ஒரு கை சுகமாகணும்னு. அந்தக் கைக்கு ஒண்ணுமே இல்லையாப்பா?"

சிலர் சிரித்தார்கள். லரோண்டா சிரிக்கவில்லை.

ஆராதனையில் மேலே ஏறும் வரி வந்தபோது அவள் சாதாரணமாகத்தான் சுண்டினாள், பிய்க்கவில்லை. சுரங்கள் படிப்படியாக ஏறி, ஒன்றும் விழாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தன. டெரல் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து "அப்படிப் போடு" என்றான். மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆர்கனிலிருந்து வெண்டல் தலையசைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெளியே சார்லின் காத்திருந்தாள். "சாப்பிட வர்றீங்கதானே? கீரை வேக வெச்சிருக்கேன், மீன் பொரிக்கணும்."

"இல்ல சார்லின். உன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. நான் வரல."

அதற்குப் பிறகு அவள் பேஸைச் சபையில் விட்டுவைக்கவில்லை. புதுப் பிக்கப் வந்தது. மாட்டினாள். தகரச் சத்தமும் போயிற்று. அதற்கான செலவை வெண்டல் கொடுக்க வந்தபோது வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கினால் கணக்குத் தீர்ந்ததாக அவன் நினைத்துக்கொள்வான். எந்தச் சுருதி, எவ்வளவு வேகம் என்பதைத் தாண்டி அவர்களுக்குள் பேச்சில்லாமல் போனது. இசை மட்டும் முன்னைவிட நன்றாக இருப்பதாகப் பாஸ்டர் சொன்னார். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு ஒத்திகை முடிந்து, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் வெண்டல் வந்து நின்றான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கோபம், ரோ?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல மனசில்லை.

"தெரியலடா. தீந்ததும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.