பச்சை மாறாத மரம்

காற்றே இல்லாத காலையில் அந்த மரம் சாய்ந்தது. சமயநல்லூருக்கு மேற்கே, ஜெயக்கொடியின் எண்ணெய்ப் பனைத் தோப்பில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒச்சம்மாள், மடமடவென்ற சத்தம் கேட்டு ஓடினாள். மட்டை ஒன்று கணுக்காலில் அடித்துத் தள்ளியது. உயிர் தப்பியது.

ஜெயக்கொடி ஓடிவந்து பார்த்தான். மேலே ஓலை பச்சையாகவே இருந்தது. அடிமரத்துக்குள் மட்டும் ஒன்றுமில்லை. கை வைத்ததும் மரத்தூளாக உதிர்ந்தது. வெட்டிப்போட்ட மட்டைகளை விலக்கியபோது, தூரில் செம்பழுப்பாக, மெழுகு பூசினாற்போல ஒரு காளான் ஒட்டியிருந்தது.

தோட்டக்கலை அலுவலர் ஆஷ்லின் வந்து பார்த்தாள். "அடித்தண்டு அழுகல்ணே. காளான் வெளிய தெரியுறப்பவே உள்ள பாதி போயிருக்கும். வேர் வழியா அடுத்த மரத்துக்கும் தாவும். விழுந்த மரத்தைச் சுத்தி ஆழமா குழி வெட்டிருங்க. மத்த மரத்தையும் தட்டிப் பாருங்க, பொத்தலா இருந்தா சத்தம் காட்டிக்குடுக்கும்."

அன்றிலிருந்து அவன் அரிவாளின் பின்புறத்தால் மரம் மரமாகத் தட்டினான். கெட்டவற்றை அறுத்துத் தள்ளினான். வாய்க்காலோரத்து மரம் ஒன்றுதான் அவனைப் படுத்தியது. காலையில் கெட்டியாகக் கேட்கும். வெயில் ஏறினால் பொத்தலாகக் கேட்கும். சோற்றில் கை வைத்தவன் எழுந்து மறுபடி தோப்புக்குப் போவான். வீட்டுத் தூணைக்கூடத் தட்டினான்.

"இன்னும் எம்புட்டு நாளைக்குத் தட்டுவீக?" என்றாள் மனைவி சரண்யாதேவி.

"சத்தம் மாறுது தேவி. எதை நம்புறதுன்னு தெரியல."

"அப்ப வெட்டிருங்க. அதை நம்பி யாரைக் கீழ நிறுத்துவீக?"

மரம் விழுந்த பயத்தில் பழம் பொறுக்கும் பெண்கள் யாரும் வரவில்லை. கூப்பிட அவனுக்கும் வாய் வரவில்லை. கடைசியில் ஆளை வைத்து அந்த மரத்தையும் அறுத்தான். உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது, ஈரம் கசிந்தது. ஒரு சொத்தைகூட இல்லை. ஜெயக்கொடி தூரைத் தடவிக்கொண்டே நின்றான். கண் கலங்கிவிட்டது.

சேதி ஊருக்குள் போயிற்று. மறுநாள் ஒச்சம்மாள் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

"நல்ல மரத்தைப் போட்டுட்டேன்க்கா."

"நல்லதோ கெட்டதோ, அது அடியில குனியுறது நாந்தேன். சந்தேகம்னு வெட்டுனியே, அது போதும் தம்பி. நாளைக்கு மத்தவளுகளையும் கூட்டிட்டு வாரேன்."

சொன்னபடியே கூட்டி வந்தாள். தோப்பில் மறுபடி பேச்சும் சிரிப்பும் கேட்டன. மதியம் வரப்பில் உட்கார்ந்து எல்லோரும் சோற்றுவாளியைத் திறந்தார்கள். "வந்து உக்காரு தம்பி" என்று ஒச்சம்மாள் இடம் ஒதுக்கினாள். ஜெயக்கொடி உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு எழுந்துபோய், அவர்களுக்குப் பின்னால் நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.